மூன்று மாதமாக பிக்சல் ஆர்ட் பழகுகிறேன், வரைவதெல்லாம் தலையணை மாதிரி வருகிறது. என்ன செய்யலாம்?

மழைக்கோழி:

வணக்கம். கல்லூரியில் கடைசி வருடம். மழையில் ஒரு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி சின்னதாக ஒரு கேம் செய்ய ஆசைப்பட்டு, மூன்று மாதத்திற்கு முன்னால், சின்னச் சின்னக் கட்டங்களில் நிறம் வைத்து வரைகிற பிக்சல் ஆர்ட்டில் இறங்கினேன். ஓவியம் எனக்குச் சுத்தமாக வராது. கட்டத்தை நிரப்புவதுதானே, இது வந்துவிடும் என்று நினைத்ததுதான் முதல் தப்பு.

லிப்ரேஸ்ப்ரைட் என்கிற பிக்சல் ஆர்ட் மென்பொருளில் வரைகிறேன், மவுஸ்தான். 128×128 அளவில், பக்கவாட்டில் நிற்கும் ஆட்டோ. ஓரத்தில் அடர்மஞ்சள், உள்ளே போகப் போக வெளிர்மஞ்சள், நடுவில் கிட்டத்தட்ட வெள்ளை என்று பொறுமையாக நிழல் கொடுத்தேன், இரண்டு ராத்திரி அதிலேயே போனது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு "என்ன இது, மாம்பழமா?" என்றான். எனக்கென்னவோ தலையணை மாதிரி தெரிகிறது. முன்கண்ணாடியின் வளைவு ரம்பத்தின் பல் மாதிரி இருக்கிறது. இதில் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மொத்தமும் கலங்கி வேறு போகிறது.

யூடியூபில் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, ஃபைலைத் திறந்தால் கை ஓடுவதில்லை. பென் டேப்லெட் வாங்கினால் சரியாகுமா? எந்த அளவில் பழகுவது, தினமும் எதை வரைவது? படத்தை இணைத்திருக்கிறேன், சிரித்து முடித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எட்டுக்கெட்டு:

தம்பி, டேப்லெட்டை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு புள்ளியாக வைக்கிற வேலைக்கு மவுஸ் தாராளமாகப் போதும், நான் பல வருடமாக மவுஸில்தான் வரைகிறேன். அந்தக் காசுக்கு நாலு நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

படத்தை இறக்கி 800 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆட்டோவின் உடம்பில் மட்டும் 23 மஞ்சள் வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணப் பொறுமை இல்லை. தலையணை என்று நீங்கள் தெரிந்து சொன்னீர்களோ தெரியாமல் சொன்னீர்களோ, இந்தத் தப்புக்குப் பெயரே அதுதான், பில்லோ ஷேடிங் என்பார்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யாமல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெளுத்துக்கொண்டே போனால் எதை வரைந்தாலும் பஞ்சு அடைத்த மாதிரிதான் இருக்கும். முதலில் சூரியனை ஒரு மூலையில் வையுங்கள். இடது மேல்மூலை என்று வைத்துக்கொள்வோம். அப்போது கூரையின் மேல்விளிம்பிலும் முன்பக்கத்திலும் வெளிச்சம், கதவில்லாத அந்தத் திறப்புக்குள் இருட்டு, கீழே சக்கரத்துக்கு மேலே இருட்டு, அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் ஒரே மஞ்சள். ஒரே மஞ்சளாக விட்டால் வெறுமையாக இருக்குமே என்று கை பரபரக்கும், விட்டுவிடுங்கள்.

அடுத்தது அளவு. 128×128 என்றால் 16,384 கட்டம். இத்தனை கட்டத்தில் எது எதற்காக இருக்கிறது என்று உங்களால் பதில் சொல்ல முடியாது, ஆரம்பத்தில் யாராலும் முடியாது. 32×32க்கு இறங்குங்கள், 1,024தான். சக்கரத்துக்கு 7 புள்ளி விட்டம் போதும். மேலிருந்து கீழே வரிசைக்கு 3, 5, 7, 7, 7, 5, 3 என்று நிரப்பிப் பாருங்கள், வட்டம் தானாக வந்து உட்காரும். நடுவில் ஒரே ஒரு வெளிர் புள்ளி வைத்தால் அச்சு.

வளைவு ரம்பமாக இருப்பதற்குக் காரணம் படிகளின் நீளம். வளைந்து இறங்கும் கோட்டில் 5, 3, 2, 1, 1 என்று படிகள் ஒழுங்காகக் குறைந்துகொண்டே போனால் கண் அதை வளைவாக ஏற்றுக்கொள்ளும். உங்கள் கண்ணாடியில் 4, 1, 3, 1, 2 என்று இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட அந்த ஒன்றுகள்தான் பல்லாகத் தெரிகின்றன. அப்புறம், மவுஸை வேகமாக இழுக்கும்போது மூலைகளில் கூடுதலாக ஒரு புள்ளி விழுந்து குட்டி 'ட' மாதிரி நிற்கும், உங்கள் கோட்டில் அப்படி ஏழெட்டு இருக்கிறது. பென்சில் கருவியில் பிக்சல் பெர்ஃபெக்ட் என்று ஒன்று இருக்கும், அதை டிக் செய்தால் பாதி போய்விடும். மீதியைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மஞ்சளுக்கு நிழல் வேண்டுமென்று கறுப்பைக் கூட்டியிருக்கிறீர்கள், அதனால்தான் அடிப்பக்கம் பாசி பிடித்த பச்சையாகத் தெரிகிறது. மஞ்சள் ரொம்ப மோசமான நிறம், கொஞ்சம் கறுப்பு சேர்ந்தாலும் பச்சைப் பக்கம் ஓடிவிடும். நிழலுக்கு ஆரஞ்சுக்குப் போங்கள், இன்னும் ஆழத்துக்குப் பழுப்பு. வெளிச்சம் வேண்டுமென்றால் வெள்ளையைக் கொட்டாமல் எலுமிச்சைப் பக்கம் நகருங்கள். நீங்களே நிறம் தேட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிக்கோ-8 என்று, மென்பொருளாக மட்டுமே இருக்கிற ஒரு கற்பனை கேம் கன்சோல் இருக்கிறது, அதற்கு மொத்தம் 16 நிறம்தான். லோஸ்பெக் தளத்தில் அந்த நிறத் தொகுப்பு, அதாவது பேலட், கிடைக்கும், இறக்கிப் போட்டுக்கொண்டு அதைத் தாண்டாதீர்கள். அதில் மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு மூன்றும் வரிசையாக உங்கள் ஆட்டோவுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும். ரெக்ஸின் கூரைக்குக் கறுப்பு வேண்டாம், கருநீலம் போடுங்கள்.

வேலைசெய்து:

எதுக்கு இவ்வளவு கஷ்டம். ஆட்டோவை ஒரு போட்டோ எடுத்து 32×32க்குச் சுருக்கிவிடுங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

எட்டுக்கெட்டு:

@வேலைசெய்து செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களா? 1,024 கட்டத்தில் பல நூறு நிறம் வரும், சக்கரமும் நிழலும் ரோடும் ஒரே சேறாகக் கலந்திருக்கும். ஒரு புள்ளி அளவு கூட இல்லாத கண்ணாடிக் கம்பியைச் சுருக்குகிற மென்பொருள் மங்கலாக்கிக் கரைத்துவிடும். கம்பி முக்கியம் என்று மனிதன் முடிவு செய்தால் அதற்கு ஒரு முழுப் புள்ளி கொடுப்பான், வேறு எதையாவது தூக்கிவிடுவான். போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வரையலாம், அதில் தப்பே இல்லை.

தறிவீட்டுப்பிள்ளை:

கம்ப்யூட்டரில் எனக்குப் பெரிய அனுபவம் இல்லை. ஆனால் இந்தக் கட்டம் நிரப்புகிற வேலையை நான் நடை பழகுவதற்கு முன்னாலிருந்தே பார்த்திருக்கிறேன். அப்பா பட்டுப்புடவைக்கு கிராப் போடுகிறவர். பார்டர், முந்தி, உடம்பில் வரும் புட்டா எல்லாவற்றையும் முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டுத்தான், அதைப் பார்த்து, தறியில் டிசைனை எழுப்புகிற ஜக்கார்டுக்கு ஓட்டை போட்டு அட்டை அடிப்பார்கள். ஒரு கட்டம் நிரம்பியிருந்தால் அந்த இடத்தில் ஜரிகை மேலே வரும், காலியாக இருந்தால் வராது. நடுவில் அரைக் கட்டம் என்று எதுவும் கிடையாது.

ஒருமுறை கிளிப் புட்டா போட்டார். கிளியின் கண் ஒரே ஒரு காலிக் கட்டம். முதலில் வைத்த இடத்தில் கிளி தூங்கி வழிகிற மாதிரி இருந்தது. ஒரு கட்டம் மேலே நகர்த்தினார், திருட்டு முழி வந்துவிட்டது. கண்ணை அங்கேயே விட்டுவிட்டு அலகில் ஒரு கட்டத்தைக் குறைத்தார், கிளி கிளியாகிவிட்டது. இதற்கு ஒரு மத்தியானம். அவர் செய்தது அதிகமும் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு வாசல் வரைக்கும் பின்னால் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பதுதான். கிட்டே உட்கார்ந்து போடு, எட்ட நின்று பார் என்பார். நீங்கள் 800 சதவீதத்திலேயே இரண்டு ராத்திரி இருந்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அவர் அன்னத்தைத் தாளில் போடும்போது சிலசமயம் இழுத்துவிட்ட மாதிரி நீளமாக இருக்கும். ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று கேட்டால் தறியில் வந்து பார் என்பார். துணியில் பாவும் ஊடையும் ஒரே நெருக்கமாக இருக்காது, அதனால் தாளில் சதுரமாக இருக்கிற கட்டம் புடவையில் சதுரமாக வராது. அதைக் கணக்கு வைத்துத்தான் போட வேண்டும், நெய்து வந்தால் அன்னம் சரியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை டெவ்:

@தறிவீட்டுப்பிள்ளை அண்ணா, கடைசியில் சொன்னது அப்படியே கம்ப்யூட்டரிலும் இருந்தது! பழைய டாஸ் கம்ப்யூட்டர் கேம்கள் பலவும் 320×200 அளவில் இருக்கும், ஆனால் மானிட்டர் 4:3. அதனால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிடக் கொஞ்சம் உயரமாகத் தெரியும். அந்தப் படங்களை இன்றைக்கு அப்படியே எடுத்துப் போட்டால் எல்லாரும் குள்ளமாகவும் பருமனாகவும் இருப்பார்கள், வரைந்தவர்கள் அப்படி வரையவில்லை, திரையில் நிமிர்ந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

மழைக்கோழி:

எல்லாருக்கும் நன்றி. @எட்டுக்கெட்டு அண்ணா, தம்பி இல்லை, தங்கை :)

32×32ல் மறுபடி போட்டேன், பிக்கோ-8 பேலட். சக்கரம் உண்மையிலேயே தானாக வந்துவிட்டது, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைச் சின்னதாக்கி, நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பக்கம் போய்ப் பார்த்தேன், அம்மா என்னவோ ஆகிவிட்டது எனக்கு என்று நினைத்துவிட்டார். அங்கிருந்து பார்த்தபோதுதான் கூரையும் பின்பக்கமும் ஒரே கருநீலக் கட்டியாகச் சேர்ந்திருப்பது தெரிந்தது. இடையில் ஒரு வரிசை ஆரஞ்சு ஓடவிட்டேன், பிரிந்துவிட்டது.

இப்போது சிக்கல் ஓட்டுநர். தலைக்கு 4×4 கட்டம்தான் கிடைக்கிறது. கண் வைத்தால் எலும்புக்கூடு மாதிரி இருக்கிறது, வைக்காவிட்டால் உருளைக்கிழங்கு. அப்புறம் வானத்துக்கு டிதரிங் போட்டேன், இரண்டு நிறத்தைக் கலந்த மாதிரி காட்ட செஸ் போர்டு மாதிரி ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி. பழைய கேம் மாதிரி வரும் என்று பார்த்தால் கொசுவலை மாதிரி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை டெவ்:

4×4 தலையில் முகம் வரைய முயற்சி செய்யாதீர்கள். மாரியோவுக்கு ஏன் மீசையும் தொப்பியும் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? 1981ல் டாங்கி காங் கேமுக்காக அவரை உருவாக்கிய மியாமோட்டோவே சொல்லியிருக்கிறார், அந்த அளவில் வாய் வரைய இடமில்லை, அதனால் மீசை. முடி வரைவது தொல்லை, அதனால் தொப்பி. 1985ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸிலும் நெருக்கடிதான், ஒரு ஸ்ப்ரைட்டுக்கு, அதாவது திரையில் நகரும் சின்னப் படத்துக்கு, மூன்று நிறம்தான். சின்ன மாரியோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். முடி, மீசை, கண், சட்டை, ஷூ எல்லாம் ஒரே பழுப்பு. தொப்பியும் மற்ற உடையும் சிவப்பு, தோலுக்கு ஒன்று. ஆனால் பார்க்கிற யாருக்கும் எது சட்டை எது மீசை என்பதில் சந்தேகம் வருவதில்லை, இருக்கிற இடம் சொல்லிவிடுகிறது.

உங்கள் ஓட்டுநருக்கு முகமே காக்கிச் சட்டைதான். பிக்கோ-8ல் இருக்கும் அடர்சாம்பலில் கொஞ்சம் பழுப்பு கலந்திருக்கும், சட்டைக்கு அது போதும். முகத்துக்குப் பழுப்பு, மேலே இரண்டு வரிசை கறுப்பு முடி, மூக்கு முன்னால் ஒரு புள்ளி நீட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதும் தெரியும். தோளில் ஒரு துண்டு போடலாம், மூன்று வெள்ளைப் புள்ளி. கை மட்டும் ஹேண்டில் பாருக்கு நீள வேண்டும், இல்லாவிட்டால் அவர் பயணி ஆகிவிடுவார்.

ஏற்றுமதியிலும் ஒரு பிரச்சினை இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. வாட்ஸ்அப் கலங்கலுக்குக் காரணம் அது படத்தை ஜேபெக்காக மாற்றி அழுத்துவது. முதலில் பிஎன்ஜியாகச் சேமியுங்கள். பெரிதாக்கும்போது 2, 4, 10 என்று முழு மடங்காக, புள்ளிகளைக் கலக்காமல் அப்படியே பெரிதாக்குகிற நியரெஸ்ட் நெய்பர் முறையில் பெரிதாக்குங்கள், ஒன்றரை மடங்கு எல்லாம் வேண்டாம், சில புள்ளி ஒல்லியாகவும் சில புள்ளி குண்டாகவும் வரும். அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். கேமை கோடோ என்கிற கேம் என்ஜினில் செய்வதாக இருந்தால் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டெக்ஸ்சர் ஃபில்டரை நியரெஸ்ட் என்று மாற்றவேண்டும், தானாக இருப்பது லீனியர், அது எல்லாவற்றையும் குழைத்துவிடும்.

இதை நான் அடிபட்டுக் கற்றேன். ஒரு சின்ன கம்பெனிக்கு கேம் வேலை எடுத்திருந்தேன். மரமெல்லாம் 32ல் வரைந்து இரண்டு மடங்காக்கி, ஆட்களை 64ல் வரைந்து அப்படியே வைத்து, கத்தியை மட்டும் என்ஜினுக்குள் சாய்த்துச் சுழற்றிவிட்டிருந்தேன். ஒரே திரையில் மூன்று விதமான புள்ளி. என் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. அவர்கள் முழுசையும் திருப்பி அனுப்பி, பேசிய தொகையில் பாதிதான் கொடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் படத்தை இப்போது பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான்.

டிதரிங் வேண்டவே வேண்டாம் என்பேன். அது பழைய டிவியில் கலங்கித் தெரியும் என்பதற்காகப் போட்டது. இன்றைய திரையில் எதுவும் கலங்காது, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக முறைக்கும்.

எட்டுக்கெட்டு:

தங்கையே, மன்னிக்கவும் :)

டிதரிங் விஷயத்தில் டெவ் சொல்வதைப் பாதிதான் ஏற்பேன். டிவியில் மாட்டி ஆடுகிற மெகா டிரைவ் கன்சோலில் சோனிக் கேமின் அருவியெல்லாம் அப்படி டிவியை நம்பிப் போட்டதுதான், சரி. ஆனால் 1989ல் வந்த, கையில் வைத்து ஆடுகிற கேம் பாயில் கலக்கிக் கொடுக்கிற டிவி எதுவும் இல்லை, 160×144 புள்ளி, 4 சாயல், புள்ளிகள் தனித்தனியாகத்தான் தெரியும், அதிலும் டிதரிங் நிறையவே போட்டார்கள். சொரசொரப்பான பொருளுக்கு அது நன்றாக இருக்கும், மண், துருப்பிடித்த தகரம், கருங்கல். வானத்துக்குத்தான் வேண்டாம். மழை வானத்துக்கு இரண்டு மூன்று பட்டையாக நிறத்தைப் பிரித்துவிட்டு, பட்டைகள் சேரும் விளிம்பை மேகம் மாதிரி வளைத்துவிடுங்கள்.

தினமும் என்ன வரைவது என்று கேட்டீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 16×16ல் வீட்டில் இருக்கிற ஒரு பொருள், நான்கு நிறம், அரைமணி நேரம். டம்ளர், சாவி, வாழைப்பழம், ஹவாய் செருப்பு. பூட்டும் டம்ளரும் சுலபம். செருப்பு கஷ்டம், வார் இருக்கிறதே அது மூன்று நாள் எடுக்கும். முடிந்ததும் அதை முழுக்க ஒரே கறுப்பாக்கிப் பாருங்கள், வெறும் நிழலுருவைப் பார்த்தே என்ன பொருள் என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்லிவிட்டால் சரி. சொல்லாவிட்டால் உள்ளே என்ன நிறம் போட்டும் பிரயோசனம் இல்லை. 1984 மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு சூசன் கேர் வரைந்த ஐகான்களைத் தேடிப் பாருங்கள், 32×32, கறுப்பு வெள்ளை மட்டும்தான், சாம்பல்கூடக் கிடையாது. குப்பைத்தொட்டியும் வெடிகுண்டும் அதில் அவ்வளவு தெளிவாக இருக்கும். அவற்றை ஒரு முறை புள்ளிக்குப் புள்ளி பார்த்து வரைந்து பழகுங்கள், பழகுவதற்குத்தான், உங்கள் வேலை என்று எங்கும் போட்டுவிடாதீர்கள்.

தமிழில் ஸ்கோர் எழுதுவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன், 8×8ல் ஆங்கில எழுத்து அடங்கும், 'ண' அடங்காது. நான் 'ஞ'வில் தோற்றுப் போனவன்.

வெள்ளிக்கிழமை டெவ்:

கேம் பாய் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ஆட்டோ நிற்கும்போது அசைய வேண்டும் அல்லவா, அதற்கு நிறைய ஃப்ரேம் போடாதீர்கள். இரண்டு போதும். இரண்டாவது ஃப்ரேமில் சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு உடம்பை மட்டும் ஒரு புள்ளி கீழே இறக்குங்கள், ஓட்டுநரின் தலையை அதோடு சேர்த்து இறக்காமல் ஒரு ஃப்ரேம் தாமதமாக இறக்கினால் இன்னும் நன்றாக இருக்கும், அப்போது மூன்று ஃப்ரேம் ஆகிவிடும். வேகமாக ஓடவிட்டால் என்ஜின் உதறுகிற சத்தமே கேட்கும்.

தறிவீட்டுப்பிள்ளை:

பேரன் லேப்டாப்பில் இந்தச் சக்கரக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், 3, 5, 7. அப்பாவின் ருத்ராட்ச பார்டரிலும் ஏறக்குறைய இப்படித்தான் வரும். அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

மழைக்கோழி:

போட்டுவிட்டேன், புதுப் படம் இணைப்பில். மொத்தம் 9 நிறம். தலை தாமதமாக இறங்குவது அவ்வளவு அழகாக இருக்கிறது, சும்மா ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காக்கிச் சட்டை வேலை செய்துவிட்டது. துண்டு மட்டும் பறவை உட்கார்ந்த மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன். செருப்பு இன்றைக்கு இரண்டாம் நாள், வார் வரவில்லை.

அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டினேன். "ஆட்டோ. மீட்டர் எங்கே?" என்றான். ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன்.

வேலைசெய்து:

மீட்டர் போடுகிற ஆட்டோவா. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வரைந்துவிட்டு அதை மட்டும் கற்பனையில் வரைந்திருக்கிறீர்கள்.